விரைகால் வீரனின் பெயரும் நம் பிள்ளைகளின் குதிநாணும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அரசியல் கட்டுரைகளில் "இதுதான் அந்தக் கட்சியின் அக்கிலிஸ் குதிகால்" என்ற தொடர் அடிக்கடி வருகிறது. மாணவர் பக்கத்திலும் அக்கிலிஸ் யார் என்ற கேள்விக்கு, "குதிகாலைத் தவிர உடம்பில் எங்கு அடித்தாலும் சாகாத வீரன் என்று ஹோமரின் இலியட் காப்பியம் கூறுகிறது" என விடை தந்திருந்தீர்கள். இலியட் அப்படிக் கூறவில்லை. இலக்கியப் பிழை மட்டும் என்றால் நாலு வரியில் எழுதி முடித்திருப்போம். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய ஓர் உறுப்பு, குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் நாண், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போலீஸ் தேர்வுக்கும் அக்னிவீர் தேர்வுக்கும் விடிகாலையில் எழுந்து ஓடும் பிள்ளைகள் ஒவ்வொருவர் காலிலும் இருக்கிறது. அக்கிலிஸ் என்றாலே பலவீனம் என்று படித்துப் பழகியவர்கள், அந்த இடம் வலித்தால் கட்டிப்போட்டுப் படுக்க வைக்கிறார்கள். அதற்கு வேண்டிய வைத்தியம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. ஆகவே மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்கும் உடற்கல்வி ஆசிரியரும், அடிபட்ட காலைப் பார்க்கும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து சற்று நீளமாகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கதை. இலியட் 24 பகுதிகள் கொண்டது. கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரின் பத்தாம் ஆண்டில் சில வாரங்கள் நடப்பதை மட்டும் சொல்கிறது. கிரேக்க வீரன் அக்கிலிஸின் கோபத்தில் தொடங்கி, அவன் கையால் சாகும் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச் சடங்கில் முடிகிறது. அக்கிலிஸ் சாவது அதில் இல்லை. 22-ஆம் பகுதியில் உயிர் பிரியும் நேரத்தில் ஹெக்டர் அக்கிலிஸிடம், "பாரிஸும் அப்பல்லோ தெய்வமும் சேர்ந்து டிராயின் ஸ்கேயன் வாயிலில் உன்னைக் கொல்வார்கள்" என்று முன்னறிவிக்கிறான். அங்கும் குதிகால் பேச்சு எழவில்லை. அதற்கு முந்தைய பகுதியில் ஆஸ்டரோபேயஸ் என்பவன் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஈட்டிகளை எறிகிறான். ஒன்று கேடயத்தில் படுகிறது, மற்றொன்று அக்கிலிஸின் வலது முன்கையை உரசி ரத்தத்தை வரவழைக்கிறது. ஹோமரின் அக்கிலிஸ் எல்லோரையும் போலக் குத்தினால் ரத்தம் வரும் மனிதன். சீக்கிரம் சாகப்போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போனவன்.

மகனுக்குச் சாகாத உடம்பு வேண்டி, தாய் தீட்டிஸ் அவனைப் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த கதை நமக்கு முதன்முதலில் கிடைப்பது ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பாடி, முடிக்காமல் விட்ட அக்கிலிட் என்ற நூலில். ஹோமருக்கும் இவருக்கும் இடையே ஏறக்குறைய 800 ஆண்டுகள். தாய் பிடித்திருந்த குதிகாலில் மட்டும் தண்ணீர் படவில்லை என்ற விவரம் பின்னால் வந்த லத்தீன் உரைகாரர்கள் வழியாகப் பரவியது.

பாரதம் நடத்தும் நம் ஊர்களுக்கு இது விளங்காத விஷயம் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் களிமண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துப் படுகளம் நடக்கும்போது, பீமன் வேடம் கட்டியவர் எதற்காகத் தொடையில் அடிக்கிறார் என்று கேட்டால் எந்தப் பாட்டியும் பதில் சொல்வார்: காந்தாரி கட்டவிழ்த்துப் பார்த்தபோது துரியோதனன் இடுப்பை மறைத்துக்கொண்டு நின்றான், பார்வை பட்ட உடம்பெல்லாம் இரும்பாயிற்று, படாத தொடை சதையாகவே நின்றுவிட்டது. கேட்க எவ்வளவு அழகான கதை! ஆனால் வியாச பாரதத்தில் இது இல்லை. அதன் வனபருவம், அவன் மேலுடல் வச்சிரத்தாலும் கீழுடல் மலர்களாலும் ஆனது என்று வேறொரு கதை சொல்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். மாணவர் பக்கத்தில் அந்தக் கவனம் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஹோமர் அக்கிலிஸுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் அடைமொழி "விரைந்த காலினன்" என்பது. அவனுடைய கால் அந்தக் காப்பியத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்றது. குதிகாலுக்கு மேலுள்ள நாண் இலியட்டில் மிகத் தெளிவாக வருவது ஒரு கொடூரமான இடத்தில். அது அக்கிலிஸின் காலும் அல்ல. செத்துக் கிடக்கும் ஹெக்டரின் இரண்டு கால்களிலும் குதிக்கும் கணுக்காலுக்கும் இடையில் பின்பக்க நாணைத் துளைத்து, மாட்டுத்தோல் வார்களை அதற்குள் கோத்து, தேரில் கட்டி இழுத்துப் போகிறான் அக்கிலிஸ். முழு ஆளின் உடம்பைக் குதிரைகள் புழுதியில் இழுத்தும் அந்த நாண் அறுந்து போகவில்லை. இதை நம்பக் கிரேக்க நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் தோலுரித்த ஆடு எதில் தொங்குகிறது என்று பாருங்கள். பின்னங்காலில் எலும்புக்கும் அதன் பின்னால் விறைத்து நிற்கும் வெள்ளை நாணுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் கொக்கி மாட்டியிருக்கும். 10, 15 கிலோவை அந்த நாண் நாள் முழுக்கத் தாங்குகிறது. மனிதனிடம் இருப்பதும் அதே நாண்தான்.

இந்த நாணுக்கு அக்கிலிஸ் பெயரை வைத்தவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டு உடற்கூறு அறிஞர் ஃபிலிப் வெர்ஹேயன். 1693-இல் வெளியிட்ட நூலில் "கோர்டா அக்கிலிஸ்" என்று எழுதினார். கோர்டா என்றால் நாண். தமிழில் இதே வகை உறுப்புக்குத் தசைநாண் என்று பெயர் வைத்தவர்களும் வில்லின் நாணையே நினைத்திருக்கிறார்கள். பொருத்தமான சொல் இருந்தும் ஊரில் எல்லோரும் "பின்னங்கால் நரம்பு" என்கிறார்கள், பத்திரிகைகளும் "தசைநார் கிழிந்தது" என்று எழுதுகின்றன. நரம்பு உணர்வைக் கொண்டு போவது. எலும்பையும் எலும்பையும் கட்டுவது நார். தசையை எலும்போடு கட்டுவது நாண். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் சொல்லிலும் கறாராக இருப்பது நல்லது.

அக்கிலிஸ் என்ற பெயர் போய்ச் சேர்ந்த மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறோம், மாணவர் பக்கத்துக்குப் பயன்படும்.

காயத்துக்கு மருந்தாக அக்கிலிஸ் பயன்படுத்தியதாகப் பழையவர்கள் நம்பிய செடிக்கு 1753-இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அக்கிலியா மில்லிஃபோலியம் என்று பெயரிட்டார். ஹோமியோபதிக் கடையில் மில்லிஃபோலியம் என்று கேட்டால் கிடைப்பது அதுதான். பழங்காலக் கிரேக்கத் தத்துவ அறிஞர் எலியா ஊர் ஜீனோ, ஆமைக்கும் அக்கிலிஸுக்கும் பந்தயம் வைத்தார். ஆமை 100 மீட்டர் முன்னால் நிற்கிறது. அக்கிலிஸ் அதைப்போல் 10 மடங்கு வேகம். அவன் 100 மீட்டர் கடப்பதற்குள் ஆமை 10 மீட்டர் போயிருக்கும், அந்தப் பத்தைக் கடப்பதற்குள் இன்னும் 1 மீட்டர், இப்படியே போனால் எட்டவே முடியாதே என்பது புதிர். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் படிக்கும் பிள்ளை 100, 10, 1, 0.1 என்று கூட்டிக்கொண்டே போனால் தொகை 111 மீட்டரும் ஒன்பதில் ஒரு பங்கும்தான் வரும். அந்த இடத்தில் ஆமை பிடிபடும். முடிவில்லாத எண்ணிக்கையில் உறுப்புகள் இருந்தாலும் தொகை முடிவுள்ளதாக இருக்கலாம் என்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. ஜீனோ எதற்காக அக்கிலிஸைத் தேர்ந்தார் என்பதையும் கவனியுங்கள். அவன்தான் வேகத்துக்கு உவமை.

வானத்திலும் இருக்கிறான். 1906 பிப்ரவரி 22 அன்று ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் கண்டுபிடித்த 588-ஆம் எண் சிறுகோளுக்கு அக்கிலிஸ் என்று பெயர். வியாழன் கோளின் பாதையிலேயே, அதற்கு 60 பாகை முன்னால் சூரியனைச் சுற்றுகிறது. இப்படியும் ஒரு பொருள் நிலைத்து நிற்க முடியும் என்று கணித அறிஞர் லக்ராஞ்சு 1772-இலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதன் பிறகு வியாழனுக்கு முன்னால் போகும் சிறுகோள் கூட்டத்துக்குக் கிரேக்க வீரர்களின் பெயர், பின்னால் வரும் கூட்டத்துக்கு டிராய் வீரர்களின் பெயர் என்று வழக்கமாயிற்று. வழக்கம் வருவதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டதால் ஹெக்டர் கிரேக்கர் பாசறையிலும், அக்கிலிஸின் உயிர்த் தோழன் பெட்ரோக்ளஸ் டிராய் பாசறையிலும் மாட்டிக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் நாசா ஏவிய லூசி விண்கலம் 2033-இல் அந்தப் பெட்ரோக்ளஸ் சிறுகோளை நெருங்கவிருக்கிறது.

நமக்கு மிக நெருக்கமான அக்கிலிஸ் ஒரு கப்பல். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு வெளியே ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே போர்க்கப்பலைப் பிரிட்டிஷ் தரப்பின் மூன்று கப்பல்கள் எதிர்த்தன: எக்சீட்டர், அஜாக்ஸ், அக்கிலிஸ். டிராயில் ஒரே பக்கம் நின்ற இரு வீரர்களின் பெயர்கள் அங்கேயும் ஒரே பக்கம் நின்றன. அந்த அக்கிலிஸை 1948-இல் இந்தியா வாங்கியது. 1950 முதல் அதன் பெயர் ஐ.என்.எஸ். தில்லி. 1961-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டையூவை மீட்டபோது சுட்டது அந்தக் கப்பல்தான். 1978-இல் பணி முடித்தது. அதன் பீரங்கி மேடை ஒன்றை, பிளேட் ஆற்றுச் சண்டையில் அதை இயக்கிய நியூசிலாந்துக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தோம். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

இனி காலுக்கு வருவோம்.

முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் புடைத்திருக்கும் ஆடுசதையில் மேலாக ஒரு தசையும் (அதற்கு இரண்டு தலைகள்) அடியில் சோலியஸ் என்ற தட்டையான தசையும் இருக்கின்றன. இரண்டும் கீழே இறங்க இறங்கச் சுருங்கி ஒரே நாணாகி, குதி எலும்பின் பின்புறம் பதிகின்றன. நீளம் சுமார் 15 செ.மீ. கயிறு திரிப்பது போல அதன் இழைகள் முறுக்கிக்கொண்டு இறங்குகின்றன. உடம்பிலேயே தடித்ததும் வலுவானதும் இதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு இழுவை இதில் விழுகிறது. 60 கிலோ பையனுக்குக் குறைந்தது 360 கிலோ. போலீஸ் தேர்வின் 1500 மீட்டரை ஓடி முடிக்க ஒவ்வொரு காலும் 600 தடவைக்கு மேல் தரையில் விழுகிறது. இவ்வளவையும் தாங்கி, நீண்டு, திரும்பிச் சுருங்கி, வாங்கிய விசையை அடுத்த அடிக்குத் திருப்பித் தருவது இந்த நாண். விரைந்த காலினன் என்ற அடைமொழிக்கு உடம்பில் ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்.

பிறகு ஏன் கெடுகிறது? ஆடுசதை பழகும் வேகத்தில் நாண் பழகாது. நான்கு வாரத்தில் தசைக்குத் தெம்பு வந்துவிடும், மூச்சும் கூடிவிடும். நாண் உரமேற மாதங்கள் பிடிக்கும். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடத் தொடங்கும் பிள்ளை இரண்டாவது வாரத்திலேயே தினமும் 5 கிலோமீட்டர், அதற்கு மேல் 400 மீட்டர் வேக ஓட்டம் எட்டு என்று போகிறான். மூச்சு ஒத்துழைக்கிறது, நாண் ஒத்துழைக்கவில்லை. குதி எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே ரத்த ஓட்டம் குறைந்த பகுதி ஒன்று உண்டு. சேதம் முதலில் அங்கேதான் தெரியும். மேட்டில் ஓடினால் குதி கீழே இறங்கி நாண் கூடுதலாக இழுபடும். வத்தல்மலைச் சாலையையோ தொப்பூர் பக்கத்து ஏற்றங்களையோ முதல் மாதத்திலேயே பயிற்சிக் களமாக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. தட்டையான கேன்வாஸ் ஷூவும் இதே இழுவையைக் கூட்டும். நாள் முழுக்கக் குதி உயர்ந்த காலணியில் இருந்துவிட்டு மாலையில் வெறுங்காலோடு ஓடுவது இன்னும் மோசம். வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பதும், வேக ஓட்டம் ஓடிய மறுநாள் வேக ஓட்டம் வைக்காதிருப்பதும் எளிய காப்பு.

வலி வந்தால் எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

8 முதல் 14 வயதுப் பிள்ளைக்குக் குதி எலும்பின் பின்புறமே வலித்து, விளையாடினால் கூடி, இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் துடித்தால், பெரும்பாலும் வளரும் எலும்பின் குருத்தை நாண் இழுப்பதால் வந்த வலி. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, ஷூவுக்குள் குதியின் கீழே சிறு மெத்தை வைத்தால் அடங்கும். குருத்து எலும்போடு சேர்ந்ததும் தானாகவே போய்விடும். இதற்கு ஊசி எதுவும் தேவையில்லை.

பெரிய பிள்ளைகளுக்குக் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகள் விறைப்பாக வலித்து, நடக்க நடக்கத் தணிந்து, ஓடத் தொடங்கும்போது வலித்து, சூடேறியதும் மறைந்து, மறுநாள் திரும்ப வந்தால் அது நாண் தேய்வு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டு போனால், ஓரிடத்தில் மட்டும் பருத்து, தொட்டாலே வலிக்கும். இங்குதான் "பலவீனமான இடம்" என்ற நினைப்பு கெடுதல் செய்கிறது. ஒரு மாதம் முழு ஓய்வு கொடுத்தால் வலி போகும், நாண் இன்னும் தளரும். ஓடத் திரும்பிய முதல் வாரமே வலியும் திரும்பும். இதற்குச் சுமைதான் மருந்து. அளந்து, மெதுவாக, தினமும் ஏற்றும் சுமை.

1998-இல் ஸ்வீடன் மருத்துவர் அல்ஃபிரட்சன் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அதற்கு ஒரு படிக்கட்டு போதும், வீட்டு வாசற்படியே சரி. சுவரைப் பிடித்துக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதிய, குதிகள் வெளியே நிற்க வேண்டும். இரண்டு காலாலும் எம்பி உயருங்கள். நல்ல காலை எடுத்துவிடுங்கள். வலிக்கிற காலில் மட்டும் நின்றபடி, ஐந்து எண்ணும் நேரத்தில் குதியைப் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். மீண்டும் ஏற இரண்டு கால்களையும் பயன்படுத்துங்கள். வலிக்கிற காலால் எம்பி ஏறக் கூடாது. முழங்கால் நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, முழங்கால் சற்று மடக்கி 15 தடவை வீதம் 3 சுற்று. மடக்கிச் செய்வது சோலியஸுக்காக, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம். செய்யும்போது ஓரளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். வலியே இல்லாமல் செய்ய வந்துவிட்டால் பள்ளிப் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தொடருங்கள். நாண் எலும்பில் பதியும் இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம். சமதரையில் நின்று செய்ய வேண்டும், குதி தரைக்குக் கீழே போகக் கூடாது. போனால் எலும்பு நாணை நெருக்கி வலியைக் கூட்டும்.

பலருக்கு மூன்றாவது வாரத்தில் பலன் தெரியாததால் விட்டுவிடும் எண்ணம் வரும். நாண் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு ஒரே வாரத்தில் வலியை நிறுத்திக்கொண்டு தேர்வுக்கு ஓடுவது ஆபத்து. வலி நின்ற நாண் ஓடும்போதே அறுந்துபோகக்கூடும்.

மூன்றாவது, முழுதாக அறுவது. இது பிள்ளைகளைவிட 30, 40 வயதுக்காரர்களுக்கே அதிகம். வருடம் முழுக்க உட்கார்ந்த வேலை, பொங்கல் விளையாட்டு விழாவில் திடீரென்று கபடி அல்லது ஷட்டில். முன்னால் பாய உந்தும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருக்கும். "யார்டா அடிச்சது" என்று திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் இருக்க மாட்டார்கள். "டப்" என்ற சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கலாம். ஏமாற்றுவது இதன் பிறகு நடப்பதுதான். சற்று நேரத்தில் வலி குறைந்துவிடும், நொண்டி நடக்கவும் முடியும், பாதத்தைக் கீழே அமுக்கவும் முடியும். ஏனென்றால் கணுக்காலைச் சுற்றியுள்ள வேறு சிறு தசைகள் அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். எலும்பு முறிந்திருக்கிறதா என்று எடுக்கும் எக்ஸ்ரேயிலும் நாண் அறுந்தது தெரியாமல் போகலாம். சுளுக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மைதானத்திலேயே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. தாம்சன் சோதனை என்பார்கள், அரை நிமிடம் போதும். அடிபட்டவரைப் பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு பாதங்களும் பெஞ்சின் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி விடுங்கள். முதலில் நல்ல காலின் ஆடுசதையை இரண்டு பக்கமும் கைவைத்து அழுத்துங்கள். பாதம் தானாகக் கீழ்நோக்கி நீளும், நாண் முழுதாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். அடுத்து அடிபட்ட காலை அதேபோல் அழுத்துங்கள். பாதம் அசையாமல் தொங்கினால் நாண் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குதிக்கு மேலே விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படலாம். வீக்கம் வந்த பிறகு அந்தப் பள்ளம் மறைந்துவிடும் என்பதால் பள்ளம் இல்லை என்று தைரியப்படக் கூடாது. சோதனை செய்கிறவர் பாதத்தைத் தொடக் கூடாது, அடிபட்டவரும் தானாகப் பாதத்தை அசைக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் முடிவு பொய்யாகிவிடும்.

அறுந்தது என்று தெரிந்தால் நடக்க விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். விரல்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும் நிலையிலேயே, முன்பக்கம் அட்டையோ பலகையோ வைத்து லேசாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சையாகவும் இருக்கலாம், விரல்களைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டு அல்லது பூட்ஸ் போட்டு ஒட்ட வைப்பதாகவும் இருக்கலாம். எது என்று மருத்துவர் முடிவு செய்வார். எப்படியானாலும் முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

நாட்டு வைத்தியக் கட்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறோம். மூங்கில் பத்தை வைத்துப் பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக நிறுத்திக் கட்டினால், அறுந்த நாணின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று விட்டு விலகும். நடுவில் புதுத் திசு வளர்ந்து இடைவெளியை நிரப்பும். வீக்கம் வற்றிவிடும், நடையும் வந்துவிடும். ஆனால் நாண் நீண்டுபோயிருக்கும். நீண்ட நாணை ஆடுசதை எவ்வளவு இழுத்தாலும் குதி எழாது. ஒற்றைக் காலில் எம்பி நிற்க முடியாது, படியேறும்போது அந்தக் கால் பின்தங்கும், ஓட்டம் திரும்பாது. எண்ணெய் போட்டு உருவி விடுவது, ஒட்டத் தொடங்கிய இழைகளை மறுபடி பிரித்துவிடும். கட்டுகிறவரின் கைத்திறமையை நாங்கள் குறை சொல்லவில்லை. இந்த ஒரு காயத்துக்கு அந்தக் கோணம் தவறு.

நாண் கெடுவதற்கு இன்னொரு காரணம் மெடிக்கல் கடையில் இருக்கிறது. வயிற்றுப்போக்கு, சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல் என்று சீட்டு இல்லாமலேயே வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரைகள் தசைநாண்களைத் தளர்த்தக்கூடியவை. அதிகம் அடிபடுவது அக்கிலிஸ் நாண்தான். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளின் மேல் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் குதிக்கு மேலே வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மாத்திரை எழுதிய மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஓடும் பிள்ளைகள் இதைச் சொந்தமாக வாங்கிப் போடவே கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. மாணவர் பக்கத்தில், "அக்கிலிஸ்: ஹோமரின் இலியட் காப்பியத் தலைவன், விரைந்த காலினன், குதிகால் கதை பிற்கால லத்தீன் நூல்கள் வழியாக வந்தது" என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். காயச் செய்திகளில் நரம்பு, தசைநார் என்று மாற்றி மாற்றி எழுதுவதை விட்டு, இந்த உறுப்புக்கு அக்கிலிஸ் தசைநாண் அல்லது குதிநாண் என்ற சொல்லையே ஆளுங்கள். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வெளியாகும் நாளில், 1500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற விவரத்தின் பக்கத்திலேயே, பெஞ்சில் குப்புறப் படுத்தவரின் ஆடுசதையை அழுத்திப் பார்க்கும் அந்தச் சோதனையை ஒரு சிறு படத்தோடு வெளியிடுங்கள். படம் வரைய வேண்டிய விவரங்களை நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஓர் இயன்முறை மருத்துவர்
தருமபுரி